வாழை வாடல் பூஞ்சையின் சேர்மங்களைத் தேடிய ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லாதவை

நோய் உண்டாக்கும் பூஞ்சைகள் உருவாக்கும் வேதிச் சேர்மங்களைப் பிரித்தெடுத்து ஆராய வேண்டும் என்ற ஆசையோடு முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாழையின் வாடல் நோய்க்குக் காரணமான பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் பூஞ்சையோடு என் இருபதுகளின் பிற்பகுதி முழுவதும் கழிந்தது. அதில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், விவரம் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுது என்னோடு உட்கார்ந்து பேசியிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடியவை. என் நெறியாளர் அன்பானவர்; ஆனால் அவர் தாவர நோயியல் படித்தவர், சேர்மங்களைப் பிரிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. வேதியியல் துறையில் நான் ஐயம் கேட்கச் சென்றவர்களுக்கோ, பூஞ்சை என்பது எப்போதும் ஒரே பொருளை ஒரே அளவில் தரும் மூலப்பொருளாக மட்டுமே தெரிந்தது. இந்த வகை ஆய்வில் வரும் இடர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு துறைகளுக்கும் இடையில்தான் இருக்கின்றன. அங்கே நிற்பவர் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கிறார்.

இந்தப் பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் பரவி, மரத்தை உள்ளிருந்தே வாட வைக்கிறது. முதலில் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு முறிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டைப் பிளந்தால் செம்பழுப்பு நிறக் கோடுகள் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உலக வாழை வணிகத்தை ஆண்ட குரோ மிஷெல் என்னும் இரகத்தை வணிகத் தோட்டங்களிலிருந்து அகற்றியது இந்த நோய்தான். அதற்கு மாற்றாகத்தான் கேவண்டிஷ் வந்தது. நம் பக்கத்தில் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் இதற்கு எளிதில் இரையாகின்றன. தடித்த சுவர் கொண்ட ஓய்வு வித்துகளாக இப்பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கக்கூடும் என்பதால், ஒருமுறை நோய் கண்ட தோட்டத்தில் மீண்டும் ரஸ்தாளி வைக்க விவசாயிகள் துணிவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு பூஞ்சையிடம் ஏன் சேர்மம் தேட வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். நோயை உண்டாக்கும் சேர்மத்தை அறிந்தால் நோயின் வழி புரியும் என்பது ஒரு காரணம். பூஞ்சைகள் தரும் சேர்மங்கள் மனிதருக்குப் பெரும் பயன் தந்திருக்கின்றன என்பது மற்றொன்று. நெற்பயிரை அளவுக்கு மீறி நெடிதாக வளர வைத்துச் சாய்த்துவிடும் பக்கானே நோயை ஆராய்ந்தபோது, அதற்குக் காரணம் பூஞ்சை வெளியிடும் ஒரு பொருளே என்று 1926இல் குரோசாவா காட்டினார். அந்தப் பொருளுக்கு 1935இல் யபுடா ஜிப்ரெலின் என்று பெயர் வைத்தார். இன்று விதையில்லாத் திராட்சையின் கனிகளைப் பெரிதாக்கத் தெளிப்பது அதே குடும்பத்துச் சேர்மம்தான். யபுடாவின் குழுவே 1934இல் பியூசாரிக் அமிலத்தையும் கண்டறிந்தது. வாடல் நோய்ப் பூஞ்சைகளில் பரவலாகக் காணப்படும் நஞ்சு இது. பிரிடின் வளையத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதியும் ஒரு பியூட்டைல் சங்கிலியும் கொண்ட, மூலக்கூறு எடை 179 மட்டுமே உள்ள சிறிய மூலக்கூறு. இரும்பு, செம்பு போன்ற உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும், செல் சவ்வுகளையும் சுவாசத்தையும் பாதிக்கும். இதற்கு அப்பால் வேறு ஏதேனும் இருக்கும் என்று நம்பித்தான் நான் தொடங்கினேன்.

தொட்டியம், முசிறி பக்கத்து ரஸ்தாளித் தோட்டங்களில் மாதிரி எடுத்தேன். நோயுற்ற தண்டைப் பிளந்து, நிறம் மாறிய நாரை மட்டும் உருவி எடுத்து, கிருமி நீக்கிய வடிதாளுக்கு இடையில் வைத்துக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, ஊர் திரும்புவதற்குள் பாக்டீரியா மண்டிவிடும். எங்கள் ஆய்வகத்தில் முந்தைய ஆண்டுகளில் வந்த மாதிரிகளில் பாதி இப்படித்தான் வீணாகியிருந்தன. ஒரு தோட்டத்தில் முதியவர் ஒருவர், "தம்பி, அடுத்த கொல்லைக்குப் போறதா இருந்தா செருப்பைக் கழுவிட்டுப் போங்க, இந்த மண்ணு ஒட்டிக்கிட்டே போயிரும்" என்றார். அவர் சொன்னது முழுக்க அறிவியல். அதற்குப் பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் நிரப்பிய ஒரு வாளி எப்போதும் வண்டியில் இருந்தது. செருப்பு மட்டுமன்று, அரிவாளும் மண்வெட்டியும் அதில் நனைய வேண்டும். ஆனால் சேறு ஒட்டியிருந்தால் அந்தக் கரைசலுக்கு வலு இல்லை, ஆகவே முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் முக்க வேண்டும்.

அடையாளம் காண்பதில் யாரும் அவசரப்பட வேண்டாம் என்பேன். தட்டில் ஊதா நிறத்தோடு வெண்பஞ்சாக வளர்ந்தவுடன் பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்று குறித்துவிடத் தோன்றும். வாழைத் தண்டின் உள்ளே நோயை உண்டாக்காத பியூசேரியங்களும் குடியிருக்கின்றன. ஒற்றை வித்திலிருந்து வளர்த்து, கார்னேஷன் இலை போட்ட அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழில்) வித்துகளின் வடிவம் பார்த்து, மரபணு வரிசைக்கு, பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதியோடு நின்றுவிடாமல் டெஃப்-1 ஆல்ஃபா மரபணுவையும் படிக்க வேண்டும். பியூசேரியத்தில் நெருங்கிய இனங்களை ஐடிஎஸ் பிரித்துக் காட்டாது. அதன் பிறகு திசு வளர்ப்பு ரஸ்தாளிக் கன்றுகளில் செலுத்தி, நோய் வருகிறதா என்று பார்த்து, அந்தக் கன்றிலிருந்து மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு ஒரு பருவமே போய்விடும். இதைச் செய்யாமல் சேர்மத்தை மட்டும் எழுதி அனுப்பும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனெனில் எந்தப் பூஞ்சையின் சேர்மம் அது என்பதே அங்கே நிலைநாட்டப்படவில்லை.

குடுவையில் வளர்த்த முதல் மாதங்கள் மகிழ்ச்சியானவை. செபெக்–டாக்ஸ் என்னும் திரவ ஊடகத்தில் (சத்துக் கரைசலில்) பூஞ்சையை அசையாமல் வைத்து வளர்த்து, வடிகட்டி, அமிலமாக்கி, எத்தில் அசிட்டேட்டால் பிரித்தோம். பியூசாரிக் அமிலம் அமிலமும் காரமுமாக இரண்டு முனை கொண்டது. அளவுக்கு மீறி அமிலமாக்கினால் வளையத்தின் நைட்ரஜன் புரோட்டானை ஏற்றுக்கொண்டு மூலக்கூறு நீரிலேயே தங்கிவிடும். எங்கள் கைக்கு பிஎச் 4க்கு அருகில்தான் நன்றாக வந்தது. கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் அமிலத்தின் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. அதற்கு வெகு மேலே இன்னொரு புள்ளியும் தெரிந்தது. அந்த மேல் புள்ளி இருந்த பின்னத்தை, அதாவது பிரித்தெடுத்த பகுதியை, வாழை இலையில் ஊசியால் குத்திய இடத்தில் ஒரு துளி வைத்தபோது இலை கருகியது. என் கைகள் நடுங்கின. புதிய நஞ்சு ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று நம்புவதற்கு அப்போது எல்லாக் காரணங்களும் இருந்தன. பூஞ்சை சேராத ஊடகத்தையும் முன்பே பிரித்துப் பார்த்திருந்தோம், அதில் அந்தப் புள்ளி இல்லை.

அடுத்து ஓராண்டுக்கும் மேலாக, கலவையைப் பிரிக்கச் சிலிக்காத் தூள் நிரப்பிய குழாயான சிலிக்கா நெடுவரிசையே என் வாழ்வாக இருந்தது. சில மில்லிகிராம் தூய பொருள் வேண்டுமென்றால் லிட்டர் கணக்கில் வளர்க்க வேண்டும், அதைவிடப் பல மடங்கு கரைப்பான் செலவாகும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வந்த காலம் அது. துறையின் நிதி முடிந்தபோது ஹெக்ஸேனும் எத்தில் அசிட்டேட்டும் என் கைக்காசில் வந்தன. வெளியூர்க் கருவி மையங்களின் கட்டணம், தூதஞ்சல், இறக்குமதி செய்த ஒப்பீட்டுப் பொருள் என்று எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கும் மேல் சொந்தச் செலவு. அதில் பெரும்பகுதி அக்காவிடம் வாங்கிய கடன். அவர் ஒருமுறையும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. புதிய சேர்மம் வந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருவழியாக நிறமற்ற, எண்ணெய் போன்ற, ஒற்றைப் புள்ளி தரும் பொருளை மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவிக்கும் அதன் எடையை அளக்கும் நிறை நிறமாலைக்கும் அனுப்பினேன். முடிவு வந்தபோது அதோடு ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: இது தாலேட் போலத் தெரிகிறது, பிளாஸ்டிக்கைச் சரிபார்க்கவும். தாலேட் என்பது பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய்த் தன்மையுள்ள எஸ்டர். என்எம்ஆர் நிறமாலையில் 7.5, 7.7 ஆகிய இடங்களில் சமச்சீரான இரண்டு நறுமண வளையக் குறிகள், 4.2இல் ஆக்சிஜனை ஒட்டிய குறி, நிறை 391. எலக்ட்ரான் மோதல் முறையில் எடுத்தால் 149 என்னும் துண்டு ஓங்கி நிற்கும். இவற்றை இன்று நான் உறக்கத்திலும் அடையாளம் காண்பேன். அன்று அந்த வரியைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது பொருள் கிடைக்காதா என்று தேடினேன். அன்றிரவு உணவு இறங்கவில்லை. பல நாள்கள் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே வயிறு கலங்கியது. ஆய்வை விட்டுவிட்டு ஏதேனும் பள்ளியில் வேலைக்குப் போய்விடலாம் என்று விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தேன்.

அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டறிந்ததே என் ஆய்வில் உருப்படியான முதல் செயல் என்று இப்போது நினைக்கிறேன். இடையில் கரைப்பான் வழங்குபவர் மாறியிருந்தார். கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கேன்களில் எத்தில் அசிட்டேட் வரத் தொடங்கியிருந்தது. பூஞ்சை சேராத ஊடகத்தை ஒப்பீட்டுக்காக நாங்கள் பிரித்தது அதற்கு முன்பு. மேலும் அது அரை லிட்டர் அளவில் செய்யப்பட்டது. லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் மாசு இருக்கும் கரைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டரில் அது அரை மில்லிகிராம், தகட்டில் கண்ணுக்குத் தெரியாது. நெடுவரிசையில் முப்பது லிட்டரை ஓடவிட்டு ஆவியாக்கும்போது அதுவே முப்பது மில்லிகிராம், பூஞ்சை தரும் பொருளைவிட அதிகம். கழுவும் புட்டி, ஆவியாக்கியின் வெற்றிடக் குழாய், மாதிரிக் குப்பியின் மூடி, குடுவையை மூடிச் சுற்றும் மெழுகுப் படலம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஏதோ ஒன்று கரைப்பானில் இறங்கும். மெழுகும் மசகும் 0.9, 1.26 ஆகிய இடங்களில் குறி தரும். சிலிக்கோன் மசகு 0.07இல் தெரியும்.

இலை கருகியது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பியூசாரிக் அமிலம் சிலிக்காவில் ஒரே கட்டாக இறங்குவதில்லை, வால் விட்டுக்கொண்டே இறங்கும். நெடுவரிசையில் அதன் சிறிய அளவுகள் பல பின்னங்களிலும் படிந்திருந்தன. என் கையிலிருந்த பின்னத்தின் எடையில் பெரும்பகுதி தாலேட், நஞ்சுத்தன்மை முழுவதும் எஞ்சிய அமிலத்தினுடையது. தூய்மை கூடக்கூடச் செயல்திறன் குறைந்துகொண்டே வந்ததை என் குறிப்பேட்டில் பதிவும் செய்திருந்தேன்; பொருள் சிதைகிறது என்று எல்லாரும் விளக்கம் சொன்னார்கள். ஒரு பொருளைத் தூய்மைப்படுத்தும்போது எடைக்கு எடை அதன் செயல்திறன் ஏற வேண்டும். இறங்கினால், நீங்கள் பின்தொடர்வது வேறு பொருளை. கரைப்பானில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்திருந்தால் வாலும் குறைந்திருக்கும், கேள்வியும் முன்பே தீர்ந்திருக்கும்.

ஆகவே, பூஞ்சையில்லாத ஊடகத்தை மட்டும் அல்ல, ஊடகமே இல்லாமல் வெறும் கரைப்பானையும், பெரிய அளவில் செய்யப்போகும் அதே அளவுக்கு, அதே புட்டிகளில், அதே ஆவியாக்கியில் முழுமையாக ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் செலவாகும், கொஞ்சம் கரைப்பான் போகும். புதிய கேன் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டரை ஆவியாக்கி மிச்சத்தை எடை போடுங்கள். நெடுவரிசையைத் தொடுவதற்கு முன்பே கச்சாச் சாற்றை உயர்துல்லிய நிறை நிறமாலைக்கு அனுப்பி, வரும் நிறைகளை இயற்கைச் சேர்மங்களின் தரவுத்தளங்களில் ஒப்பிடுங்கள். கட்டணமின்றிப் பயன்படுத்த ஜிஎன்பிஎஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே அறியப்பட்டவற்றையும் மாசுகளையும் முதல் வாரத்திலேயே நீக்கிவிடலாம். ஒரு மாதிரிக்கு நான் கொடுத்த கட்டணம் ஒரு கேன் கரைப்பானின் விலையைவிடக் குறைவு. தாலேட்டைப் பூஞ்சையின் இயற்கைச் சேர்மம் என்று அறிவித்த கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எத்தனை ஒரு பிளாஸ்டிக் கேனில் தொடங்கியிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதற்கிடையில் பூஞ்சையே மாறத் தொடங்கியது. வெண்பஞ்சாக எழுந்து வளர்ந்த வளர்ப்பு, தட்டோடு தட்டாக ஒட்டி, ஈரமாக, இளஞ்செம்மை நிறத்தில் படரத் தொடங்கியது. அமிலத்தின் அளவு குறைந்தது, கன்றுகளில் செலுத்தினால் நோய் வருவதும் நின்றுபோனது. உருளைக்கிழங்குச் சாற்று அகார் போன்ற சத்து மிகுந்த ஊடகத்தில் தொடர்ந்து மாற்றி மாற்றி வளர்த்தால் பியூசேரியம் இப்படித் தேய்ந்துபோவது அறிந்த செய்தி. தட்டில் வேகமாக வளரும் மாறுபாடுகளை நாமே ஒவ்வொரு மாற்றலிலும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். செடியைத் தாக்கும் திறன் தட்டில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. தக்காளியைத் தாக்கும் பியூசேரியத்தில் நோய்த்திறனுக்கான மரபணுக்கள் தனியான துணை நிறப்புரிகளில் இருப்பதையும், அவை ஒரு வளர்ப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறக்கூடியவை என்பதையும் 2010இல் வெளிவந்த மரபணுத்தொகை ஆய்வு காட்டியது. நோய்த்திறன் பூஞ்சையின் நிலையான சொத்து அன்று என்பதை அதைப் படித்த பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

மூலப் பிரதிகள் குளிர்பெட்டியில் மைனஸ் 80 பாகையில் இருக்கின்றன என்ற துணிவு இருந்தது. பொங்கல் விடுமுறையில் மின்சாரம் நின்றது. அந்தப் பெட்டி மின்னாக்கியோடு இணைக்கப்படவில்லை. திரும்பி வந்து திறந்தபோது குப்பிகள் எல்லாம் நீராக இருந்தன. எத்தனை நாள் அப்படிக் கிடந்தன என்று சொல்லக்கூட ஒரு பதிவு இல்லை. உருகிய குப்பிகளில் சிலவற்றிலிருந்து வளர்ந்தவையும் தேய்ந்த வகையாகவே இருந்தன. எங்களைக் காப்பாற்றியது, முதலாண்டில் பயிற்சிக்காக நான் செய்து வைத்த வடிதாள் துண்டுகள். கிருமி நீக்கிய வடிதாளைச் சிறு சதுரங்களாக வெட்டி அகார் மேல் பரப்பி, பூஞ்சை அவற்றின் மேல் படர்ந்த பிறகு எடுத்து உலர்த்தி, சிறு காகித உறைகளில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய புட்டியில் சாதாரணக் குளிர்பெட்டியில் வைப்பது அந்த முறை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே ஒரு துண்டை எடுத்து வளர்த்து, பயன்படுத்திவிட்டு, எறிந்துவிட வேண்டும். அதிலிருந்து மீண்டும் மாற்றி வளர்க்கக் கூடாது. உறையின் மேல் பெயரும் தேதியும் மட்டுமன்றி, அது ஒற்றை வித்திலிருந்து எத்தனையாவது மாற்றல் என்பதையும் எழுதுங்கள். பிரதிகளை இரண்டு கட்டடங்களில் வையுங்கள்.

காப்பாற்றப்பட்ட வளர்ப்பைக் கொண்டு மீண்டும் தொடங்கியபோதும் ஒரு புதிர் மிஞ்சியது. அதே பூஞ்சை, அதே ஊடகம், அதே வெப்பநிலை. ஆனால் முன்பு கிடைத்த பியூசாரிக் அமிலத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இதற்கு விடை நம் ஊரிலேயே, எழுபது ஆண்டு பழைய கட்டுரைகளில் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவனின் தலைமையில் இயங்கிய குழு 1950களில் பருத்தி வாடல் நோயின் பியூசேரியத்தை ஆராய்ந்தது. வாடல் நோயில் நஞ்சுகளின் பங்கை ஜூரிச்சில் தாவர நோயியலாளர் கோய்மன் வலியுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. சென்னைக் குழுவோ பியூசாரிக் அமிலத்தை நோயுற்ற செடிக்குள்ளேயே தேடிச் சென்றது. அதே ஆய்வகத்திலிருந்து கல்யாணசுந்தரமும் சரஸ்வதி தேவியும் 1955இல், பூஞ்சை இந்த அமிலத்தை உருவாக்கத் துத்தநாகம் தேவைப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செபெக்–டாக்ஸ் ஊடகத்தின் வழக்கமான பட்டியலில் துத்தநாகமே கிடையாது: நைட்ரேட், பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு, சிறிது இரும்பு, சர்க்கரை. அதுவரை பூஞ்சைக்குக் கிடைத்த துத்தநாகம் பழைய வடிகலத்தின் நீரிலிருந்து வந்திருக்கிறது. ஆய்வகத்துக்குப் புதிய நீர்த் தூய்மிப்பான் வந்த மாதத்திலிருந்துதான் அமிலம் குறைந்திருந்தது.

அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய கண்ணாடிக் குடுவைகளில், தூய்மிப்பானின் நீரில், துத்தநாக சல்பேட்டைப் படிப்படியாகக் கூட்டிச் சேர்த்துப் பார்த்தோம். சிறிதளவில் அமிலம் ஏறியது, அளவு கூடியபோது இறங்கியது. எல்லாப் பியூசேரியமும் இப்படி நடந்துகொள்வதில்லை. தக்காளியின் வேரழுகல் பியூசேரியத்தில் துத்தநாகம் பியூசாரிக் அமிலத்தை அடக்குகிறது என்று 1997இல் டஃபியும் டெஃபாகோவும் காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்த அந்த வாரம்தான் என் ஆய்வுக்கு உண்மையான கேள்வி கிடைத்தது. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்த வளர்ப்புகள் துத்தநாகத்துக்கு எப்படி எப்படி மறுமொழி தருகின்றன என்பதே என் ஆய்வேட்டின் முதன்மை அத்தியாயமாயிற்று. புதிய சேர்மம் எதுவும் அதில் இல்லை. அதைக் குறித்து எனக்கு வருத்தமும் இல்லை. அறியப்பட்ட ஒரு சேர்மத்தை ஒரு பூஞ்சை எப்போது உருவாக்கும், எப்போது உருவாக்காது என்பது விவசாயிக்கும் ஆய்வாளருக்கும் அதே அளவு தேவையான அறிவு. பூஞ்சையின் மரபணுத்தொகையில் சேர்மங்களை உருவாக்கும் தொகுப்புகள் பல பத்துகள் இருக்கின்றன, குடுவையில் பெரும்பாலானவை உறங்குகின்றன. நைட்ரஜன், ஒளி, பிஎச், உலோகங்கள் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் வேறொன்று விழிக்கிறது. எனவே நீரின் மூலம், ஒவ்வொரு இரசாயனத்தின் தொகுதி எண், குடுவையின் கண்ணாடி வகை என அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். நீர்க் கருவி மாறிய தேதியை நான் துறையின் கொள்முதல் பதிவேட்டில் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இது வாழைப் பூஞ்சை, மனிதரை ஒன்றும் செய்யாது என்று ஆய்வகத்தில் பலர் சொல்வார்கள். தென்னிந்தியாவில் வயல்வேலை செய்பவர்களின் கருவிழிப் புண்ணுக்குப் பியூசேரியம் முதன்மையான காரணங்களுள் ஒன்று. இலையோ வைக்கோலோ கண்ணில் கீறினால் போதும். இந்தப் புண்ணுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதை 323 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில்தான் நடந்தது. 2013இல் வெளியான அதன் முடிவில், செயற்கை மருந்தான வோரிகோனசோலைவிட நாடாமைசின் என்னும் இயற்கைச் சேர்மமே சிறந்தது, அதிலும் பியூசேரியத்தில் தெளிவாகச் சிறந்தது என்று தெரிந்தது. நாடாமைசின், தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் கொடை. வித்துக் கரைசல் தயாரிக்கும்போதும் கன்றுகளில் ஊசியால் செலுத்தும்போதும் கண்ணாடி அணியுங்கள். கண்ணில் தெறித்தாலோ இலை கீறினாலோ, தானாகச் சரியாகும் என்று காத்திராமலும் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளாமலும் அன்றே கண் மருத்துவரிடம் சென்று, பியூசேரியத்தோடு வேலை செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். உதவித்தொகை தாமதமாகும் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும். கருவிக் கட்டணத்துக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே நெறியாளரிடம் தொகை ஒதுக்கி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகக் கருவி மையங்களில் மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிய கருவி இயக்குநரைப் பின்னர் நேரில் சென்று பார்த்தேன். மாதிரியை அனுப்பும் முன் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கரைப்பானில் எவ்வளவு எடுத்தது, எந்தப் பாத்திரத்தில் வைத்தது என்று சொல்லும் மாணவர்கள் மிகக் குறைவு என்றார். அடுத்தடுத்த மாதிரிகளுக்கு நான் அப்படியே செய்தேன்; இருமுறை அவர் அனுப்ப வேண்டாம் என்று தடுத்து என் பணத்தை மிச்சப்படுத்தினார்.

கடைசியாக, உங்கள் பூஞ்சையை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று கேட்டால் மகிழ்ச்சியில் உடனே அனுப்பிவிடாதீர்கள். இந்திய உயிரினங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதும், அவற்றின் மீதான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோருவதும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்துக்கு உட்பட்டவை. தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, விண்ணப்பப் படிவங்கள் பொதுவில் கிடைக்கின்றன. ஒப்புதலுக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதைக் கணக்கில் கொண்டு, ஒத்துழைப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதே தொடங்குங்கள். அதற்கும் முன்பாக, வளர்ப்புகளைச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையம் ஒன்றில் ஒப்படையுங்கள். நான் ஒப்படைத்தவை தேயாத வடிதாள் பிரதிகளிலிருந்து வளர்த்தவை. கன்றில் நோய் உண்டாக்குவதை மறுபடி சோதித்து, அந்தப் பதிவையும் உடன் அனுப்பி, நிலையத்தின் எண் கைக்கு வந்த பிறகே கட்டுரையை இதழுக்கு அனுப்பினேன்.